சுவருக்குப் படம் வாங்கறதுக்கு முன்னாடி பீரோவையும் பரணையும் ஒரு தடவை பாருங்க

புது வீட்டுக்குக் குடி போனதும் பால் காய்ச்சி முடிச்ச கையோட நம்ம கண்ணு போறது காலியா கிடக்கிற சுவர் மேலதான். உடனே போனை எடுத்து தேட ஆரம்பிச்சிடுவோம், ஏழு குதிரை ஓடற படம், புத்தர் முகம், மூணு துண்டா வர்ற பூ படம் இப்படி. நாங்களும் 2 வருஷம் முன்னாடி திருச்சியில இந்த ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டுக்கு வந்தப்போ அதேதான் பண்ண இருந்தோம், கார்ட்ல எல்லாம் போட்டு வச்சாச்சு, அன்னைக்கு சாயங்காலம் பரண்ல ஏத்த வேண்டிய பெட்டியை அத்தை (என் மாமியார்) பிரிச்சு பார்த்துட்டு இருந்தாங்க, அதுல இருந்து அவங்களோட கோல நோட்டு வந்துச்சு.

கோல நோட்டுன்னா தெரியும்ல, அந்தக் காலத்துல கல்யாணம் ஆகி வர்றப்போ பொண்ணுங்க கொண்டு வர்ற நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் பேனாவால புள்ளி வச்சு கோலம் போட்டு ஓரத்துல "15 புள்ளி, இடுக்குப்புள்ளி, 8-ல நிறுத்தணும்"னு எழுதி வச்சிருப்பாங்க. சிக்குக் கோலம் ஒண்ணு முழுப்பக்கத்துக்கு, ஒரு இடத்துல கூட கை நடுங்கல, அடிச்சு திருத்தல. நான் அதைப் பார்த்துட்டு கார்ட்ல இருந்த எல்லாத்தையும் எடுத்துட்டேன். எங்க ஹால்ல இப்போ மாட்டியிருக்கிற பெரிய படமே அந்த சிக்குக் கோலம்தான், வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் எங்க வாங்குனீங்கன்னு கேக்கறாங்க, அத்தை ஒண்ணும் சொல்லாம எழுந்து காபி போட போயிடுவாங்க, ஆனா முகத்தைப் பார்க்கணும்.

அதனால நான் சொல்ற முதல் வேலை வாங்கறது இல்ல, தேடறது. ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் ஒதுக்குங்க, பீரோ அடித்தட்டு, பரண், ட்ரங்க் பெட்டி, ஊர்ல அம்மா வீடு எல்லாத்தையும் கிளறுங்க. என்ன கிடைக்கும்னா, அம்மா ஸ்கூல்ல படிக்கிறப்போ தையல் கிளாஸ்ல போட்ட எம்ப்ராய்டரி, கிராஸ் ஸ்டிட்ச் போட்ட தலையணை உறை, தாத்தா எழுதின இன்லேண்ட் லெட்டர், ஸ்டூடியோவுல நாற்காலி பக்கத்துல நின்னு எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ, சித்தி பண்ணின கிளாஸ் பெயிண்டிங், ஒயர் கூடை, பாசி கோத்த "நல்வரவு" தோரணம். உங்க வீட்டுக்காரர் காலேஜ்ல வரைஞ்ச பென்சில் ட்ராயிங் கூட இருக்கலாம், கேட்டுப் பாருங்க, கூச்சப்பட்டு ஒளிச்சு வச்சிருப்பாங்க. எல்லாத்தையும் பாய் விரிச்சு அது மேல பரப்பி, வீட்ல இருக்கிற எல்லாரும் சுத்தி உக்காந்து, எது நம்ம தினமும் பார்க்க ஆசைப்படறோம்னு ஆளுக்கு மூணு எடுக்கட்டும். பசங்களுக்கும் மூணு.

ஒரிஜினலை ஃப்ரேம் கடைக்கு அனுப்பாதீங்க

இதை நான் அழுத்தி சொல்றேன் ஏன்னா நான் பட்டிருக்கேன். கோல நோட்டுல இன்னொரு பக்கம், மார்கழிக்கு போடற பூசணிப்பூ கோலம், ஓரத்துல அத்தை கையெழுத்துல வருஷமும் 1978-ன்னு இருந்துச்சு. அதை நேரா கொண்டு போய் ஒரு கடையில ஃப்ரேம் போட குடுத்தேன், திரும்பி வாங்கறப்போ பார்த்தா ஃப்ரேம் சைஸுக்கு வர்றதுக்காக ஓரத்தை வெட்டிட்டு, பேப்பருக்குப் பின்னாடி முழுக்க பசை தடவி ஹார்ட்போர்டுல ஒட்டிட்டாங்க. வருஷம் எழுதின ஓரம் குப்பையில போயாச்சு. சாமி படம் பிரிண்ட் எல்லாம் அப்படித்தானே ஒட்டுவாங்க, கடைக்காரருக்கு அது பழக்கம், நான்தான் வாய் திறந்து சொல்லல. அத்தை பரவால்லன்னு சொன்னாங்க, எனக்கு இன்னைக்கும் பரவால்ல இல்ல.

இப்போ நான் என்ன பண்றேன்னா, எதுவா இருந்தாலும் முதல்ல ஸ்கேன். ஜெராக்ஸ் கடையில 600 டிபிஐ-ல கலர் ஸ்கேன் பண்ணி பென்டிரைவ்ல போட்டுத் தாங்கன்னு கேட்டா செஞ்சு தருவாங்க, அதுல A4 பக்கத்தை A3-ஆ பெருசாக்கினாலும் கோடு உடையாது. பிரிண்ட் சாதா ஜெராக்ஸ் பேப்பர்ல எடுக்காம கொஞ்சம் தடியான மேட் பேப்பர்ல எடுங்க, பளபளன்னு இருக்கிற பேப்பர்ல எடுத்தா பழைய நோட்டோட களையே போயிடும். ஒரிஜினல் பத்திரமா கிளியர் பேக்ல, பீரோவுக்குள்ள.

துணி, எம்ப்ராய்டரி மாதிரி காப்பி எடுக்க முடியாத சாமான்னா, கடைக்காரர்கிட்ட மூணு விஷயம் சொல்லுங்க, பேப்பர்ல எழுதியே குடுங்க: வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல மவுண்ட் போர்டு (படத்தைச் சுத்தி ஓரமா வர்ற தடி அட்டை) கட்டாயம் வேணும். மவுண்ட் சும்மா அழகுக்குன்னு நெனைக்கிறோம், அப்படி இல்ல, நம்ம ஊர் புழுக்கத்துல போட்டோ நேரா கண்ணாடியைத் தொட்டுட்டு இருந்தா நாளடைவுல அதோட ஒட்டிக்கும், அப்புறம் பிரிச்சா போட்டோ தோலோட வந்துடும். பழைய கல்யாண போட்டோ நிறைய வீட்ல அப்படித்தான் வீணா போயிருக்கு. துணியை ஒரு பருத்தித் துணி சுத்தின அட்டை மேல ஓரத்துல ஊசி நூலால தைச்சு நிறுத்தலாம், அதை நானே வீட்ல தைச்சு கொண்டு போய் குடுத்தேன், ஒரு மணி நேர வேலை.

எங்க மாட்டறது, எப்படி மாட்டறது

நம்ம வீடுகள்ல படம் எல்லாம் லிண்டல் உயரத்துல, கதவு நிலைக்கு மேலதான் இருக்கும், கழுத்தைத் தூக்கி பார்க்கணும். சாமி படத்துக்கும் பெரியவங்க படத்துக்கும் அது மரியாதை, அப்படியே இருக்கட்டும். மத்ததுக்கு, தரையில இருந்து 57 அங்குலத்துல, அதாவது கிட்டத்தட்ட 145 சென்டிமீட்டர்ல, படத்தோட நடுப்புள்ளி வர்ற மாதிரி மாட்டுங்க, ஆர்ட் கேலரிகள்ல பரவலா வச்சுக்கிற அளவு இது, நின்னு பார்க்கறவங்க கண்ணுக்கு நேரா வரும். சோபாவுக்கு மேலன்னா சாய்மானத்துக்கு மேல 6, 8 அங்குலம் விட்டா போதும், அதுக்கு மேல போனா படம் தனியா மெதக்கிற மாதிரி இருக்கும். பாய் போட்டு கீழ உக்கார்ற ரூம்னா இன்னும் இறக்குங்க, பார்க்கறவங்க எங்க உக்கார்றாங்களோ அதுதான் கணக்கு.

நிறைய படம் ஒரே சுவர்ல வைக்கிறதா இருந்தா டிரில் எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃப்ரேம் அளவுக்கும் பழைய நியூஸ்பேப்பரை வெட்டி மாஸ்கிங் டேப்ல சுவர்ல ஒட்டி ரெண்டு நாள் விட்டுடுங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி டியூப்லைட்ல ஒரு தடவை பாருங்க, ரெண்டும் வேற மாதிரி இருக்கும், டியூப்லைட்டுக்கு நேர் எதிர் சுவர்னா கண்ணாடியில வெறும் லைட்தான் தெரியும். மேற்கு ஜன்னல் வெயில் நேரா விழற இடத்தையும் அப்பவே கண்டுபிடிச்சிடலாம், அங்க எதையும் மாட்டாதீங்க. பேப்பரை நகர்த்தி நகர்த்தி சரி பண்ணிட்டு அது மேலயே புள்ளி வச்சு துளை போட்டா தப்பே வராது.

துளை போடறதுல, வெறும் ஆணி அடிச்சா பாதி நேரம் பூச்சுலதான் நிக்கும், கொஞ்ச நாள்ல பூச்சோட சேர்ந்து விழும். 6 எம்எம் பிட், பிளாஸ்டிக் பிளக், ஸ்க்ரூ, இதுதான் நிக்கும். புது அப்பார்ட்மென்ட்ல சில இடத்துல சுவரே முழு கான்கிரீட்டா இருக்கும், அதுக்கு ஹேமர் டிரில் இருந்தாதான் உள்ள இறங்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மொத்தத்தையும் ஒரே நாள்ல போட்டுக்கறது நல்லது. ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் எக்காரணம் கொண்டும் துளை போடாதீங்க, வயர் பைப் அந்தக் கோட்டுலதான் போகும். பாத்ரூமுக்குப் பின்பக்க சுவர்லயும் அப்படித்தான், தண்ணி பைப் இருக்கும்.

வாடகை வீடுன்னா வீட்டுக்காரம்மா ஆணி அடிக்காதீங்கன்னு சொல்லியிருப்பாங்க, ஒட்டற ஹூக் வாங்கலாம்னு தோணும், ஆனா டிஸ்டெம்பர் அடிச்ச சுவர், சுண்ணாம்பு அடிச்ச சுவர்ல அது பெயிண்டை உரிச்சுக்கிட்டே கீழ வரும். அதுக்கு நான் பார்த்ததுல நல்ல வழி, ஸ்டீல் பீரோவோட பக்கவாட்டு. நிஜமா சொல்றேன், ஆறு அடி உயரத்துக்கு காந்தம் ஒட்டற பலகை நம்ம ஒவ்வொரு வீட்லயும் சும்மா நிக்குது. சின்ன காந்தம் ஒரு டஜன் வாங்கி பசங்க படம், போட்டோ, லெட்டர் எல்லாம் ஒட்டலாம், ஆனா வாயில போடற வயசுல குழந்தை இருந்தா காந்தம் வேண்டவே வேண்டாம், முழுங்கிட்டா குடல்ல போய் பெரிய ஆபத்து. அந்த வீட்ல ஜன்னல் கிரில்லுக்கு கிரில் சணல் கயிறு கட்டி துணி கிளிப் மாட்டிக்கலாம், படத்தை ஷெல்ஃப் மேல சாய்ச்சு வைக்கலாம்.

பசங்க வரையறது

இதுலதான் எனக்கு மனசு அதிகம். பொண்ணுக்கு 9 வயசு, தம்பிக்கு 5, ரெண்டு பேரும் சேர்ந்து வாரத்துக்கு இருபது படமாச்சும் வரையறாங்க. எல்லாத்தையும் வைக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. யோசிச்சுப் பார்த்தா நம்மகிட்ட இதுக்கு ஏற்கனவே ஒரு பழக்கம் இருக்கு, கொலு வைக்கிற வீடுகள்ல கீழ்ப் படிக்கு முன்னாடி பசங்க பார்க் வைப்பாங்களே, மண் கொட்டி கடுகு, கேழ்வரகு முளைக்க விட்டு, தீப்பெட்டியில வீடு பண்ணி, அங்க பசங்க கைவேலைக்கு ஒரு இடம், பெரியவங்க பொம்மைக்குப் பக்கத்துலயே, வர்றவங்க எல்லாரும் குனிஞ்சு பார்ப்பாங்க. ஒன்பது நாள் இருக்கும், அப்புறம் எடுத்துடுவோம், அடுத்த வருஷம் வேற. இதையே வருஷம் முழுக்க பண்றதுதான் எங்க முறை.

ஹால்ல ஒரு சுவர்ல A3 சைஸ் ஃப்ரேம் நாலு மாட்டியிருக்கோம், ஹால்லதான், பசங்க ரூமுக்குள்ள இல்ல, அது முக்கியம். முன்பக்கமா திறக்கற ஃப்ரேம் கிடைச்சா வசதி, இல்லன்னா பின்னாடி அட்டையை பின் போட்டு அடிக்காம திருப்பி விடற கிளிப் வச்சுத் தரச் சொல்லுங்க. மாசக் கடைசி ஞாயிறு, படத்தை மாத்தற நாள். எது மாட்டணும்னு அவங்களே சொல்வாங்க, நமக்கு பிடிச்சதை நம்ம திணிக்கக் கூடாது, தம்பி ஒரு மாசம் முழுக்க கறுப்பு கிரேயான்ல கிறுக்கின ஒரு படத்தை வச்சிருந்தான், என்னடா இதுன்னு கேட்டதுக்கு கரண்ட் போன அன்னைக்கு நம்ம வீடும்மான்னு சொன்னான். பின்னாடி பென்சில்ல தேதி, வயசு, அவன் சொன்ன அந்த வரி எழுதி வச்சிருக்கேன். இதை மட்டும் விடாதீங்க, படம் என்னன்னு ஆறு மாசத்துல அவங்களே மறந்துடுவாங்க.

இறக்கின படம் எல்லாம் ஒரு ஃபைலுக்குப் போகும், வருஷக் கடைசியில அதுல ஆளுக்குப் பத்து மட்டும் நிரந்தரமா வைக்கிறோம், மிச்சத்தை போன்ல போட்டோ எடுத்துட்டு பசங்க முன்னாடியே சொல்லிட்டு எடுக்கறோம். தெரியாம குப்பையில போட்டு அவங்க அதைப் பார்த்துட்டா, அந்த முகத்தை நம்மளால தாங்க முடியாது.

சில டெக்னிக்கல் விஷயம். ஸ்கெட்ச் பேனா கலர் வெளிச்சத்துல சீக்கிரம் வெளுக்கும், ஊதாவும் பிங்க்கும் முதல்ல போகும், அதனால ஸ்கெட்ச் பேனா படத்தை மாட்டறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்துடுங்க. மெழுகு கிரேயான் படத்தை லேமினேஷன் பண்ணாதீங்க, மெஷின் சூட்டுல மெழுகு உருகி இழுத்துடும், லேமினேட் பண்ணினது திரும்ப வரவும் வராது. செல்லோ டேப் கொஞ்ச வருஷத்துல மஞ்சளா மாறி பேப்பர்ல கறை விடும், படத்துக்கு நேரா ஒட்டவே கூடாது. சார்ட் பேப்பரும் மஞ்சளாகும், அதனால நல்லா வரையற வயசு வந்ததும் கொஞ்சம் தடியான ட்ராயிங் பேப்பர் வாங்கிக் குடுங்க, 150 ஜிஎஸ்எம்-க்கு மேல இருந்தா வாட்டர் கலர் போட்டாலும் அவ்வளவா சுருளாது.

பசங்களுக்குன்னு ரூம், இல்ல ஒரு மூலை

நம்மள்ல நிறைய வீட்ல பசங்களுக்கு தனி ரூம் கிடையாது, இருந்தாலும் ராத்திரி பாட்டிகிட்டதான் வந்து படுப்பாங்க. ரூம் இல்லையேன்னு கவலைப்பட வேண்டாம், 5-க்கு 4 அடி மூலை போதும், ஒரு கோரைப்பாய், குட்டையான ஷெல்ஃப், ஒயர் கூடையில பொம்மை, அவங்க உயரத்துல ரெண்டு கொக்கி ஸ்கூல் பேகுக்கு. அந்த மூலையில படம் எல்லாம் தரையில இருந்து மூணு மூணே கால் அடியில இருக்கணும், 5 வயசுக் குழந்தையோட கண்ணு அங்கதான் இருக்கு. நம்ம குனிஞ்சு பார்த்துக்கலாம்.

தனி ரூம் இருந்தா, கார்ட்டூன் வால்பேப்பர் முழு ரூமுக்கும் ஒட்டாதீங்கன்னு சொல்வேன். இன்னைக்கு உயிரா இருக்கிற கார்ட்டூனை ரெண்டு வருஷத்துல சின்னப்பசங்க சமாச்சாரம்னு சொல்லிடுவாங்க, அதை உரிக்கிற வேலை நமக்கு. கார்ட்டூன் ஆசையை பெட்ஷீட், தலையணை உறையில தீர்த்துக்கலாம். சுவர் கலரை பசங்களே எடுக்கட்டும், ஆனா ஷேட் கார்டு முழுசையும் கையில குடுக்காம நம்ம மூணு கலர் எடுத்து வச்சு அதுல ஒண்ணு சொல்லச் சொல்லணும். மூணு சுவர் வெளிர் கலர், ஒரு சுவர்ல நாலு அடி உயரம் வரைக்கும் பிளாக்போர்டு பெயிண்ட். சுவர்ல கிறுக்காதேன்னு சொல்லிட்டே இருக்கறதை விட, இங்க கிறுக்குன்னு ஒரு இடம் காட்டறது வேலை செய்யுது, எங்க வீட்ல மத்த சுவர் தப்பிச்சது இதனாலதான். அத்தை தினமும் அதுல ஒரு சின்ன புள்ளிக் கோலம் போட்டு பாதியில விட்டுடுவாங்க, ஸ்கூல் விட்டு வந்து பொண்ணு மிச்சத்தை முடிப்பா.

பெயிண்ட் வாங்கறப்போ டப்பாவுல ஈய அளவு பாருங்க, 2017 நவம்பர்ல இருந்து வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். அதுக்கு முன்னாடி அடிச்ச பழைய ஆயில் பெயிண்ட் கதவு ஜன்னல் இருந்தா, அதை உப்புத்தாள் போட்டு வறட்டா தேய்க்க விடாதீங்க, அந்த தூசியிலதான் ஆபத்து, தண்ணி தொட்டு தேய்க்கச் சொல்லி, அந்த ரெண்டு நாள் பசங்களை பாட்டி வீட்டுக்கு அனுப்பிடுங்க.

அடுக்குக் கட்டில் வாங்க ஆசைப்படறவங்க முதல்ல ரூஃப்ல இருந்து ஃபேன் எவ்வளவு இறங்கியிருக்குன்னு டேப் வச்சு அளங்க. நம்ம வீட்டு ரூஃப் பத்து அடி, ஃபேன் ஒரு அடி கீழ தொங்கும், மேல் கட்டில்ல ஒரு குழந்தை எழுந்து நின்னு கையைத் தூக்கினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. எங்க ரூமுக்கு சரி வரல, கைவிட்டுட்டோம், இழுத்து வெளிய எடுக்கற கட்டில் வாங்கினோம். புக் ஷெல்ஃபை எல் கிளாம்ப் போட்டு சுவரோட இறுக்கிடுங்க, பசங்க அதை ஏணின்னுதான் நெனைப்பாங்க. தலைமாட்டுக்கு மேல கண்ணாடி ஃப்ரேம் வேண்டாம், அக்ரிலிக் ஷீட் போட்டுக்குங்க.

மழைக்காலம் பத்தி ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகையில மழை அடிக்கிற வெளிப்பக்க சுவர்ல பேப்பர் படம் மாட்டினா பூஞ்சை வந்துடும், உள் சுவர்தான் நல்லது. ஃப்ரேமுக்குப் பின்னாடி நாலு மூலையிலயும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினா சுவருக்கும் படத்துக்கும் நடுவுல காத்து போகும். பின்பக்கம் முழுக்க பிரவுன் டேப் போட்டு மூடினா பேப்பர் தின்னற வெள்ளிப்பூச்சி சுலபமா உள்ள போகாது. பூச்சிக்குன்னு பசங்க ரூம்ல அந்துருண்டை மட்டும் போடாதீங்க, மிட்டாய்னு வாயில போட்டுடுவாங்க. வீட்ல யாராச்சும் தஞ்சாவூர் பெயிண்டிங் பண்ணியிருந்தா அதை ஈரத்துணியால துடைக்கவே கூடாது, உள்ள இருக்கிறது சுண்ணாம்புப் பூச்சு, காஞ்ச மெத்துன்னு இருக்கிற பிரஷ் போதும்.

கடைசியா ஒண்ணு, பசங்க உயரத்தை நிலைக்கதவுல பென்சில்ல கோடு போட்டு வைப்போம்ல, போன வாடகை வீட்ல அப்படி நாலு வருஷம் போட்டு வச்சிருந்தோம், காலி பண்றப்போ அதை அங்கயே விட்டுட்டு வர வேண்டியதா போச்சு, பொண்ணு அந்த நிலையைத் தொட்டுட்டே நின்னா. இங்க வந்ததும் மர டிப்போவுல அஞ்சரை அடி ரீப்பர் கட்டை ஒண்ணு வாங்கி, உப்புத்தாள் போட்டு தேய்ச்சு, வார்னிஷ் அடிக்காம வெறுமனே விட்டு (வார்னிஷ் மேல பென்சில் பிடிக்காது), அடிப்பக்கம் தரையைத் தொடற மாதிரி ரெண்டே ஸ்க்ரூவுல சுவரோட மாட்டினோம். போன வீட்டு கோட்டை போட்டோவுல இருந்து பார்த்து அத்தை அளந்து அளந்து இதுல போட்டாங்க. அடுத்த வீடு மாறினா ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டி கட்டையைத் தோள்ல வச்சுக்கிட்டு போயிடலாம்.